பாய்லர் சூடா, வேலை நெருக்கடியா? ஆலைத் தொழிலாளியின் மனைவி ஒருவரின் கேள்விக்குப் பதில்

சகோதரி, நீங்கள் எழுதியதன் சாரம் இது. செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலையின் பாய்லர் பகுதியில் நெடுநாளாக வேலை செய்யும் உங்கள் கணவருக்கு வயது 46. ஆள் குறைந்து எட்டு மணி நேர ஷிப்ட் பன்னிரண்டு மணி நேரமாக மாறியதிலிருந்து தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு, தூக்கமின்மை, வீட்டில் சட்டென்று எழும் கோபம் எல்லாம் சேர்ந்து வந்திருக்கின்றன. இரத்த அழுத்தமும் ஏறியிருக்கிறது. கிளினிக்கில் சூடுதான் காரணம், தண்ணீர் நிறையக் குடிக்கட்டும் என்றார்கள். ஆலையில் வயதாகிறது என்றார்கள். உங்களுக்கோ வேலை நெருக்கடிதான் ஆளை இப்படி ஆக்கிவிட்டது என்று தோன்றுகிறது. இந்த மூன்றில் எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது, இது வேலையால் வந்ததா, இதைத் திருப்ப முடியுமா, யாரிடம் எதைக் கேட்பது என்பதுதான் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தான் பக்கம் பணிபுரியும் தொழில்சார் சுகாதார மருத்துவர். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் தோட்டங்களையும் அவற்றை ஒட்டிய எண்ணெய் ஆலைகளையும் சேர்ந்தவர்கள். உங்கள் கணவரை நான் நேரில் பார்க்கவில்லை, அவருடைய இரத்தப் பரிசோதனை முடிவும் என் முன் இல்லை. ஆகவே அவருக்கு இன்ன நோய் என்று இங்கே சொல்ல மாட்டேன். அவர் நிலையில் இருப்பவர்களுக்கு என்ன நடக்கிறது என்பதையும், அதில் எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்பதையும் சொல்கிறேன்.

உறுதியானதிலிருந்து தொடங்குகிறேன். உடல் உழைக்கும்போது தசைகள் செலவிடும் சக்தியில் கால் பங்குக்கும் குறைவானதே வேலையாக மாறுகிறது; மீதி முழுவதும் உடலுக்குள்ளேயே சூடாகிறது. அந்தச் சூட்டை வெளியேற்ற இதயம் தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்புகிறது, தோல் வியர்க்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பம் உடலை விட்டு நீங்கும். ஆனால் ஆவியானால்தான் நீங்கும். நம் நாட்டுக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது, ஆலைக்குள் நீராவியும் சேர்கிறது. அங்கே வியர்வையில் பெரும்பகுதி சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுகிறது. அப்படி விழும் வியர்வையால் நீரும் உப்பும்தான் வீணாகின்றனவே தவிர, உடல் குளிர்வதில்லை. தோலுக்கும் தசைக்கும் ஒரே நேரத்தில் இரத்தம் கொடுக்க வேண்டிய இதயம், உடலில் நீர் குறையக் குறைய இன்னும் வேகமாகத் துடிக்க வேண்டியிருக்கிறது.

செம்பனை ஆலைக்குள் போகாதவர்களுக்கு இது முழுமையாகப் புரிவது கடினம். குலைகளை ஸ்டெரிலைசரில் ஏறக்குறைய 3 பார் அழுத்தத்தில், 140 டிகிரி நீராவியில் வேக வைக்கிறார்கள். பழத்தைப் பிசையும் கலமும், எண்ணெய் தெளியும் தொட்டிகளும் 90 டிகிரியை ஒட்டி இருக்கின்றன. பிழிந்தெடுத்த நாரும் கொட்டை ஓடும் பாய்லரில் எரிகின்றன. உலைக் கதவைத் திறந்து நீண்ட இரும்புக் கம்பியால் சாம்பல் கட்டியைக் கிளறி இழுக்கும் அந்தச் சில நிமிடங்களில், தொழிலாளியின் முகத்திலும் மார்பிலும் படுவது காற்றின் சூடு அல்ல, நெருப்பிலிருந்து நேரடியாக வரும் கதிர்வீச்சு. மின்விசிறி அதைத் தடுக்காது. தகடு வைத்து மறைத்தால்தான் தடுக்கும். ஷிப்ட் முடிந்து நேராக என்னிடம் வருபவர்களின் சட்டை முதுகில் உப்பு வெள்ளைக் கோடுகளாகப் படிந்திருக்கும். ஒரு கோட்டுக்கு வெளியே இன்னொரு கோடு, வரைபடம்போல. அந்தச் சட்டையைப் பார்த்தாலே அன்றைய நாள் எப்படிப் போயிருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இதனால்தான் சுவரில் மாட்டிய வெப்பமானியைக் காட்டி '33 டிகிரிதான், வெளியிலும் அதேதான்' என்று யாராவது சொன்னால் அதை ஏற்க வேண்டியதில்லை. தொழிலிடத்துச் சூட்டை டபிள்யூ.பி.ஜி.டி. என்ற அளவால் கணக்கிடுகிறோம். 1950களில் அமெரிக்க இராணுவப் பயிற்சி முகாம்களில் சூட்டால் பலர் விழுந்ததைத் தொடர்ந்து உருவான அளவு அது. கூரைக்குக் கீழே என்றால், ஈரத்துணி சுற்றிய வெப்பமானியின் அளவில் 70 விழுக்காட்டையும், கறுப்புக் கோளத்துக்குள் வைத்த வெப்பமானியின் அளவில் 30 விழுக்காட்டையும் சேர்ப்பார்கள். ஈரத்துக்கு எவ்வளவு எடை கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். ஏ.சி.ஜி.ஐ.எச். என்ற அமெரிக்க வல்லுநர் அமைப்பின் அட்டவணைப்படி, சூட்டுக்குப் பழகிய ஒருவர் நடுத்தர உழைப்பை இடைவிடாமல் செய்ய இந்த அளவில் 28 டிகிரிதான் எல்லை. அது 30ஐத் தொட்டால் ஒவ்வொரு மணியிலும் பாதிக்கு மேல் ஓய்வாக இருக்க வேண்டும். கடும் உழைப்பை இடைவிடாமல் செய்வதற்கு அந்த அட்டவணையில் எண்ணே கொடுக்கவில்லை. நம் பகுதியில் நல்ல வெயில் நாளின் நண்பகலில் திறந்த வெளியிலேயே இந்த அளவு 30ஐ ஒட்டி வந்துவிடும் என்றால் பாய்லர் முன்னால் எப்படி இருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். தென்னிந்தியாவில் ஓர் இரும்பாலையில் எடுத்து 2017இல் வெளியிட்ட அளவீடுகளில் சுமார் 90 விழுக்காடு பரிந்துரைக்கப்பட்ட எல்லையைத் தாண்டியிருந்தன. செம்பனை ஆலை இரும்பாலை அல்லதான். ஆனால் அங்கே இல்லாத நீராவி இங்கே இருக்கிறது.

இனி நீங்கள் சொன்ன நெருக்கடி. 'டென்ஷன்' என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆராய்ச்சியில் அதற்குத் தெளிவான வரையறை உண்டு. 1979இல் ராபர்ட் கரசெக் என்பவர், ஒரு வேலை எவ்வளவு கேட்கிறது என்பதோடு, அதை எப்படிச் செய்வது, எப்போது நிறுத்துவது என்று முடிவெடுக்க அந்தத் தொழிலாளிக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தார். கேட்பது அதிகம், முடிவெடுக்கும் உரிமை குறைவு என்ற இணைதான் உடலைக் கெடுக்கிறது என்பது அவர் கருத்து. மேலதிகாரியும் சக தொழிலாளிகளும் துணை நிற்காவிட்டால் அது இன்னும் மோசமாகும் என்பதைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள்.

என் பார்வையில், உங்கள் கேள்விக்கான பதில் இங்கேதான் இருக்கிறது. சூட்டில் உழைக்கும் மனிதனுக்கு இயற்கை கொடுத்த முதல் பாதுகாப்பு வேகத்தைக் குறைத்துக்கொள்வதும் விலகி நிற்பதும்தான். குலை வெட்டுபவர் தலை சுற்றினால் மரத்தடியில் பத்து நிமிடம் உட்காருகிறார். எடைக்குக் கூலி என்பதால் அன்று பணம் குறையும், ஆனால் உட்கார முடிகிறது. பாய்லரில் நிற்பவரால் அது முடியாது. அவர் நகர்ந்தால் நீராவி அழுத்தம் இறங்கும். அழுத்தம் இறங்கினால் எண்ணெய் பிழியும் பிரஸ் நிற்கும். வாசலில் லாரிகள் வரிசை கட்டும். வெட்டிய குலையை ஒரு நாளுக்குள் வேக வைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும் என்று மேலிருந்து தொலைபேசி வரும். ஷிப்டில் பாய்லருக்கு ஒரே ஆள் என்றால் கழிவறைக்குப் போகவும் மாற்ற ஆள் இல்லை. அதனால் பலர் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துக் குடிக்கிறார்கள். இதை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். 'தண்ணீர் நிறையக் குடியுங்கள்' என்ற அறிவுரை அவர்களிடம் ஏன் வேலை செய்வதில்லை என்பதற்கு இதுதான் காரணம். ஆகவே சூடு ஒன்று, நெருக்கடி வேறொன்று என்று நான் பிரிப்பதில்லை. சூட்டிலிருந்து விலகும் உரிமையைப் பறிப்பதன் மூலம்தான் நெருக்கடி முதலில் உடலைத் தாக்குகிறது. எட்டு மணி பன்னிரண்டு ஆனபோது உங்கள் கணவர் இழந்தது நான்கு மணி நேரம் மட்டும் அல்ல, இளைப்பாற இருந்த இடைவெளியையும் மாற்றுக்கு இருந்த ஆளையும் சேர்த்து இழந்திருக்கிறார்.

தூக்கமும் இதோடு சேர்ந்ததே. உடலின் உள்வெப்பம் சற்று இறங்கினால்தான் ஆழ்ந்த தூக்கம் வரும். இரவு ஷிப்ட் முடித்து, தகரக் கூரை வீட்டில் பகலில் படுப்பவருக்கு அது இறங்குவதில்லை. தூக்கம் குறைந்தால் இரத்த அழுத்தம் ஏறும், பொறுமை குறையும், மறுநாள் சூட்டைத் தாங்கும் திறனும் குறையும். வீட்டில் வரும் அந்தக் கோபத்தை உங்கள்மேல் உள்ள கோபமாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று மருத்துவராகவே சொல்கிறேன்.

இவற்றில் எது எவ்வளவு உறுதி? சூட்டில் உழைப்பதால் உடனடியாக வரும் தசைப்பிடிப்பு, மயக்கம், சூட்டுச் சோர்வு, சூட்டுத் தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்) ஆகியவற்றைப் பற்றி எந்த ஐயமும் இல்லை. 2018இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு, உலகெங்கும் நடந்த 111 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கடும் சூட்டில் ஒரு ஷிப்ட் செய்பவர்களில் 35 விழுக்காட்டினருக்கு வேலையின்போதோ முடிந்த பிறகோ சூட்டுப் பாதிப்பின் அறிகுறிகள் இருந்ததாகக் கண்டது. நீண்ட நேர வேலையைப் பற்றியும் சான்று வலுவாக இருக்கிறது: உலகச் சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொழிலாளர் நிறுவனமும் 2021இல் வெளியிட்ட கணக்குப்படி, வாரத்துக்கு 35 முதல் 40 மணி வேலை செய்பவர்களோடு ஒப்பிட்டால் 55 மணியோ அதற்கு மேலோ செய்பவர்களுக்குப் பக்கவாத ஆபத்து 35 விழுக்காடும், இதய இரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் அதிகம். பன்னிரண்டு மணி வீதம் ஆறு நாள் என்றால் வாரத்துக்கு 72 மணி. கரசெக் சொன்ன நெருக்கடியைப் பொறுத்தவரை, ஐரோப்பாவில் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேரைத் தொடர்ந்து கவனித்து 2012இல் வெளியிட்ட ஆய்வு, மாரடைப்பு ஆபத்து 23 விழுக்காடு அளவு கூடுவதைக் காட்டியது. இது உண்மையான ஆபத்துதான், ஆனால் புகைப்பிடித்தலின் ஆபத்தோடு ஒப்பிட்டால் சிறியது. உங்கள் கணவர் புகைப்பவர் என்றால் அதை விட்டுவிட்டு வேலையை மட்டும் குறை சொல்ல முடியாது.

சிறுநீரகம் பற்றி இன்னும் விவாதம் நடக்கிறது. நிக்கராகுவா, எல் சால்வடோர் நாடுகளின் கரும்புத் தோட்டங்களில், நீரிழிவும் இரத்த அழுத்தமும் இல்லாத இளம் ஆண்கள் பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்திருக்கிறது. மீண்டும் மீண்டும் உடல் சூடேறி நீர் வற்றுவது அதற்கு ஒரு காரணம் என்பதைப் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். அது மட்டுமே போதுமா, பூச்சிமருந்தோ வேறொன்றோ சேர வேண்டுமா என்பது முடிவாகவில்லை. அந்த நோயை அப்படியே நம் ஆலைகளுக்குப் பொருத்த மாட்டேன், ஏனென்றால் நம்மிடம் நீரிழிவு மிகுதி. 2023 தேசிய ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, 29.2 விழுக்காட்டினருக்கு உயர் இரத்த அழுத்தம். இவை இரண்டும் சிறுநீரகத்தைத் தாமாகவே கெடுக்கும். உங்கள் கணவரின் இரத்த அழுத்தம் சூட்டால் மட்டும் ஏறியது என்று எந்த மருத்துவரும் சான்றெழுத முடியாது. வயது காரணம் என்று ஆலை சொல்வதில் ஒரு துளி உண்மையும் உண்டு: வயது ஏற ஏறச் சூட்டைத் தாங்கும் திறன் குறைகிறது. ஆனால் அது வேலையைக் குறைப்பதற்கான காரணமே ஒழிய, அறிகுறிகளைத் தள்ளிவிடுவதற்கான காரணம் அல்ல.

வீட்டிலேயே சிலவற்றைப் பார்க்கலாம். வேலைக்குப் போகும் முன்பும் வந்த உடனும், உலர்ந்த உடையில், ஒரே தராசில் எடை பாருங்கள். ஒரு ஷிப்டில் உடல் எடையில் 1.5 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால், அதாவது 70 கிலோ உள்ளவருக்கு ஒரு கிலோவுக்கு மேல் என்றால், குடித்த நீர் போதவில்லை. கடும் வேலையின்போது நாடித்துடிப்பு 180இலிருந்து வயதைக் கழித்த எண்ணுக்கு மேல், அவருக்கு 134க்கு மேல், பல நிமிடங்கள் நின்றால் உடல் தாங்கும் எல்லையைத் தாண்டுகிறது என்று பொருள். சிறுநீர் அடர் மஞ்சளாக இருந்தால் நீர் குறைவு. கறுப்புத் தேநீர் நிறத்தில் போனால் தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலையாக இருக்கலாம், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

தண்ணீர் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு கோப்பை, ஏறத்தாழ 240 மில்லி. ஒரு மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம், அதுவும் இரத்தத்தில் உப்பைக் குறைத்து ஆபத்தாகும். வேளாவேளைக்குச் சாப்பிடுபவருக்கு உப்பு மாத்திரை தேவையில்லை. இரத்த அழுத்தம் இருப்பவர் அதைத் தொடவே கூடாது. இனிப்புக் குளிர்பானங்களைத் தண்ணீருக்குப் பதிலாகக் குடிக்கும் பழக்கம் நம்மிடம் அதிகம். 100 பிளஸ் ஒரு டின் பாதகமில்லை, நாள் முழுவதும் அதுவே என்றால் நீரிழிவுக்காரருக்கு நல்லதல்ல. வேலை முடிந்து பீர் குடிப்பது இழந்த நீரை ஈடுகட்டாது, இன்னும் வெளியேற்றும். தைப்பூச விரதம் இருப்பவர்களும் நோன்பு இருக்கும் மலாய் நண்பர்களும் அந்த நாள்களில் உலை முன் வேலையை மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்பதில் கூச்சப்படத் தேவையில்லை.

மருந்துகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது கவனிக்கப்படாமலேயே போகிறது. இரத்த அழுத்தத்துக்குத் தரும் சில மருந்துகள் நீரை வெளியேற்றுபவை, சில இதயம் வேகமெடுப்பதைத் தடுப்பவை. சூட்டில் வேலை செய்பவருக்கு இரண்டிலும் கவனம் தேவை. தானாக நிறுத்திவிடக் கூடாது. பாய்லரில் வேலை என்பதை மருத்துவரிடம் சொல்லி, தேவையானால் மாற்றித் தரக் கேட்க வேண்டும். இதைவிடக் கவலை தருவது, கால் பிடிப்புக்கும் தலைவலிக்கும் கடையில் வாங்கிப் போடும் போன்ஸ்டான், டைக்ளோஃபினாக் போன்ற வலிமாத்திரைகள். நீர் வற்றிய உடலில் அவை சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தை மேலும் குறைக்கும். வலிக்குப் பாரசிட்டமால் போதும்.

உடல் சூட்டுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். விலகியிருந்தால் ஒரு வாரத்திலேயே அந்தப் பழக்கம் குறையத் தொடங்கும். தீபாவளி விடுமுறையோ நீண்ட மருத்துவ விடுப்போ (எம்.சி.) முடிந்து திரும்பும் அனுபவசாலியை முதல் நாள் பாதி நேரம், இரண்டாம் நாள் 60 விழுக்காடு, மூன்றாம் நாள் 80 விழுக்காடு என்று படிப்படியாக ஏற்ற வேண்டும். புதியவருக்கு முதல் நாள் 20 விழுக்காடுதான். அமெரிக்கப் பதிவுகளில் தொழிலிடச் சூட்டு மரணங்களில் நான்கில் மூன்று வேலையின் முதல் வாரத்திலேயே நிகழ்ந்திருக்கின்றன. உங்கள் கணவரின் ஷிப்டில் புதிதாக வந்த வங்காளதேசத் தம்பிகளோ நேப்பாளத் தம்பிகளோ இருந்தால், அவரைவிட அவர்களுக்கே ஆபத்து அதிகம் என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

யாராவது சூட்டில் குழறிப் பேசினாலோ, திசை தெரியாமல் நடந்தாலோ, வலிப்பு வந்தாலோ அது சூட்டுத் தாக்குதான் என்று கொள்ள வேண்டும். வியர்க்கிறதே, அதனால் பயமில்லை என்று விடக் கூடாது. உழைப்பில் வரும் சூட்டுத் தாக்கில் வியர்வை நிற்காமலும் இருக்கும். 999க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை காத்திராமல் உடையைத் தளர்த்தி, தண்ணீர்க் குழாயைப் பிடித்து உடல் முழுவதும் நனைக்க வேண்டும்; பனிக்கட்டி நீர்த் தொட்டி கிடைத்தால் இன்னும் நல்லது. நினைவு தடுமாறுபவருக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. 40 டிகிரியைத் தாண்டிய உடலை முதல் அரை மணிக்குள் குளிர்விப்பதுதான் உயிர் பிழைப்பதைத் தீர்மானிக்கிறது.

சட்டத்தைப் பொறுத்தவரை, இத்தனை டிகிரிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற எண் மலேசியச் சட்டத்தில் இல்லை. ஆனால் ஜே.கே.கே.பி. எனும் தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2016இல் வெளியிட்ட சூட்டு நிர்வாக வழிகாட்டி இருக்கிறது. அளவிடுவது, ஓய்வு தருவது, பழக்குவது எல்லாம் அதில் உண்டு. திருத்தப்பட்ட தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது; உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தகுந்த காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்தை விட்டு விலகலாம், அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது அதன் 26ஏ பிரிவு. வேலைச் சட்டப்படி சாதாரண வேலைநேரம் வாரத்துக்கு 45 மணி, தொடர்ந்து ஐந்து மணிக்கு மேல் வேலை என்றால் குறைந்தது அரை மணி ஓய்வு, ஓவர்டைம் மாதத்துக்கு அதிகபட்சம் 104 மணி. 26 நாள் தினமும் நான்கு மணி என்றாலே அந்த 104 நிறைந்துவிடுகிறது; பன்னிரண்டு மணி ஷிப்ட் என்பது சட்டத்தின் விளிம்பில் நிற்கிறது. சம்பளச் சீட்டுகளை எடுத்துக் கூட்டிப் பாருங்கள்.

வேலையை விட வேண்டுமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். உடனே விடச் சொல்ல மாட்டேன். பாய்லர் சான்றிதழ் உள்ளவரின் சம்பளம் வேறிடத்தில் எளிதில் கிடைப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். முதலில் கேட்க வேண்டியது மின்விசிறியோ குளிர்பானமோ அல்ல, மாற்று ஆள். ஒரு மணி நேரத்தில் பதினைந்து நிமிடமாவது உலை முன்னிருந்து விலகி நிழலில் உட்கார அவரால் முடிய வேண்டும். அது கிடைத்தால் தண்ணீர் தானாகக் குடிப்பார். அடுத்து, கதிர்வீச்சை மறைக்கும் தகடும் நீராவிக் குழாய்களின் சிதைந்த உறையைச் சரி செய்வதும். 40 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பது சட்டம். கோரிக்கையைத் தனியாக அல்லாமல் அந்தக் குழு வழியாக, டபிள்யூ.பி.ஜி.டி. அளவீடு எடுக்கும்படி எழுத்தில் வைக்கச் சொல்லுங்கள். ஒருவர் பெயரில் போனால் அது குறையாகத் தெரியும், ஷிப்டே சேர்ந்து கேட்டால் அலட்சியம் செய்வது கடினம்.

அதற்கு முன், இந்த வாரமே கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), உப்புச் சத்துகள், சர்க்கரை ஆகியவற்றுக்கான இரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் ஓர் இ.சி.ஜி.யும் எடுத்துவிடுங்கள். ஷிப்ட் முடிந்த அன்று ஒன்று, இரண்டு நாள் ஓய்வுக்குப் பிறகு ஒன்று என்று கிரியேட்டினினை இருமுறை பார்த்தால், வேலை நாளில் ஏறி ஓய்வில் இறங்குகிறதா என்பது தெரியும். இறங்கினால் இன்னும் திருப்பக்கூடிய நிலையில் இருக்கிறார் என்று நம்பலாம். இறங்காவிட்டால் சிறுநீரக நிபுணரிடம் அனுப்பக் கேளுங்கள். எந்த மருத்துவரைப் பார்த்தாலும் பாய்லர் வேலை, பன்னிரண்டு மணி ஷிப்ட், அறிகுறி தொடங்கிய மாதம் ஆகிய மூன்றையும் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். பின்னாளில் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோவில் விண்ணப்பிக்க நேர்ந்தால் அந்தக் குறிப்புதான் பேசும்.